ஒமாஹாவின் ஜூன் மாதம்: 2023 கல்லூரி பேஸ்பால் சீசன் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹா நகரத்தில் இருக்கிறேன். கல்லூரி பேஸ்பால் அணிகளின் தேசியக் கோப்பைப் போட்டியான காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் இங்கேதான் நடக்கும். ஒவ்வொரு ஜூனிலும் இந்த ஊர் அதற்காகவே விழித்திருக்கும். ஊரிலிருந்து வந்து தங்கும் உறவினர்கள், தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட வரும் பெற்றோர், புதிதாக வேலைக்கு வந்த தம்பி தங்கைகள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதிலும் 2023 சீசனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் சீக்கிரம் நிறுத்த முடிவதில்லை. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

"அக்கா, காலேஜ் பசங்க ஆடுற ஆட்டத்துக்கா இவ்ளோ கூட்டம்?"

ஆமாம், அந்தப் பசங்களுக்காகத்தான். மேஜர் லீக் எனப்படும் தொழில்முறைப் போட்டியில் மொத்தமே 30 அணிகள், எல்லாம் பெரிய நகரங்களில். லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஆர்கன்சா போன்ற மாநிலங்களில் ஓர் அணிகூடக் கிடையாது. அங்கே இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழக அணிதான் சொந்த அணி. தாத்தா பார்த்த அணியைப் பேரனும் பார்க்கிறான். ஆடும் பையன் பக்கத்துத் தெருக்காரனாகக்கூட இருப்பான்.

இன்னொன்று, இந்தப் பையன்கள் மூன்று நான்கு வருடம்தான் அந்தச் சட்டையைப் போடுவார்கள். பிறகு சிலர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவார்கள், பெரும்பாலானவர்கள் மட்டையை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள். தோற்று வெளியேறும் நாளில் இருபத்திரண்டு வயதுப் பையன் மைதானத்து மண்ணில் உட்கார்ந்து எழுந்திருக்க மனமில்லாமல் இருப்பதை இங்கே ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பழகவே இல்லை.

"எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். உட்கார்ந்து பார்த்தா புரியுமா?"

அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரு அணிக்கும் தலா மூன்று அவுட். ஒன்பதிலும் சமனாக நின்றால், ஓர் அணி முந்தும் வரை இன்னிங்ஸ் தொடரும். பிட்சர் 18.4 மீட்டர் தூரத்திலிருந்து எறிவார். நம் பிட்ச் 20.12 மீட்டர் என்பதால் கொஞ்சம் கிட்டே. பந்து தரையில் குத்தாமல் நேரே வரும். பேட்டர் மட்டையை வீசித் தவறவிட்டாலோ, அடிக்கக்கூடிய பந்தைச் சும்மா விட்டாலோ ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட், அதுதான் ஸ்ட்ரைக் அவுட். பேட்டர் நிற்கும் இடம் ஹோம் பிளேட். அதோடு சேர்ந்து சதுரத்தின் மூலைகள்போல மூன்று பேஸ்கள் இருக்கும். அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டினால் அது 'ஹிட்'. அடித்தவர் மூன்று பேஸையும் தொட்டு ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். அப்போது பேஸ்களில் நிற்கும் ஆட்களும் சேர்ந்து உள்ளே வருவார்கள்.

'பன்ட்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் நினைவில் வையுங்கள். வீசி அடிக்காமல், மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தை மெல்லத் தட்டி முன்னால் உருள விடுவது. மூன்றாவது பேஸில் ஆள் நிற்கும்போது அவரை எப்படியாவது வீட்டுக்கு, அதாவது ஹோம் பிளேட்டுக்கு, கொண்டுவர இப்படிச் செய்வார்கள். கீழே ஒரு கேள்விக்கு இது முக்கியமாகத் தேவைப்படும்.

கல்லூரி ஆட்டத்தில் மட்டை உலோகம். நன்றாகப் பட்டால் 'டிங்' என்று ஒரு மணிச் சத்தம் வரும்.

"ஏன் ஒமாஹா? இந்த ஊர்ல பெருசா ஒண்ணும் இல்லையே?"

அப்படிச் சொல்லாதீர்கள், எனக்குப் பிடித்த ஊர். காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் 1947-ல் மிச்சிகன் மாநிலத்து கலமசூவில் தொடங்கியது. 1950-ல் ஒமாஹாவுக்கு வந்தது, பிறகு வேறெங்கும் போகவில்லை. 2010 வரை ரோசன்பிளாட் மைதானத்தில் நடந்தது. 2011 முதல் நகர மையத்தில், ஏறக்குறைய 24,000 பேர் உட்காரும் புதிய மைதானம். அதன் இன்றைய பெயர் சார்ல்ஸ் ஷ்வாப் ஃபீல்ட்.

நாடு முழுக்க எந்தக் கல்லூரி ஆட்டக்காரரிடமும் 'இந்த வருடம் எங்கே போக வேண்டும்?' என்று கேளுங்கள். கோப்பை என்று சொல்ல மாட்டார்கள், 'ஒமாஹா' என்றுதான் சொல்வார்கள். ஊர்ப் பெயரே இலக்கின் பெயராகிவிட்டது.

"தோத்துப்போன டீமே மறுபடி மறுபடி ஆடுதே, எப்படி?"

இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. முதலில் 64 அணிகள், நான்கு நான்காக 16 ஊர்களில் ஆடும். அதில் வென்ற 16 அணிகள் இரண்டிரண்டாக மோதும் சுற்று சூப்பர் ரீஜனல். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும். மிஞ்சும் 8 அணிகள் ஒமாஹா வரும். இங்கே நான்கு நான்காக இரு பிரிவு, மறுபடி இரண்டு தோல்விக் கணக்கு. பிரிவுக்கு ஓர் அணி என்று இறுதிக்கு இரண்டு அணிகள். அங்கும் மூன்றில் இரண்டு.

ஆக, ஒரு தோல்வியோடு நிற்கும் அணி தோற்காத அணியை அடுத்தடுத்து இரண்டு முறை வெல்ல வேண்டிவரும். 2023-ல் எல்.எஸ்.யு. என்று எல்லோரும் சொல்லும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் நடந்தது.

"ஒரே ஒரு சீசன்தான் பார்க்க நேரம் இருக்குன்னா எதைப் பார்க்கச் சொல்வீங்க?"

2023. யோசிக்கவே மாட்டேன். மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் ஒரே வருடத்தில் கல்லூரியில் இருந்தார்கள். எல்.எஸ்.யு.வில் பால் ஸ்கீன்ஸ், டிலன் க்ரூஸ், டாமி வைட். ஃபுளோரிடாவில் வயட் லாங்ஃபோர்டும், பந்தும் எறிந்து 33 ஹோம் ரன்னும் அடித்த ஜாக் கேக்லியனோனும். வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் பிட்சர் ரெட் லௌடர், அந்த சீசனில் 15 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. அந்த ஜூலையில் மேஜர் லீக் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஸ்கீன்ஸ் முதலாவது, க்ரூஸ் இரண்டாவது. ஒரே கல்லூரி அணியிலிருந்து முதல் இரண்டு பேரும் போனது அதற்கு முன் நடந்ததே இல்லை.

க்ரூஸைப் பற்றி ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும். எல்.எஸ்.யு. அந்த சீசனில் 71 ஆட்டம் ஆடியது. 71-லும் அவர் ஒரு தடவையாவது பேஸுக்குப் போனார். ஒரு நாள்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை.

"ஸ்கீன்ஸ், ஸ்கீன்ஸ்னு சொல்றீங்களே, அப்படி என்ன வேகம்?"

மணிக்கு 100 மைலுக்கு மேல் போகும். 100 மைல் என்றால் 161 கிலோமீட்டர். ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் போட்ட 161.3 நமக்கெல்லாம் மனப்பாடம் இல்லையா, அந்த வேகத்தை இந்தப் பையன் ஒரே மாலையில் பல தடவை எட்டுவார். 2023-ல் 209 ஸ்ட்ரைக் அவுட். எஸ்.இ.சி. என்ற தென்மாநிலப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பில், 1989-ல் பென் மெக்டொனால்ட் வைத்த 202 என்ற சாதனையை அது தாண்டியது. மெக்டொனால்டும் எல்.எஸ்.யு.காரர்தான்.

இதற்கு முன் இரண்டு வருடம் அவர் விமானப்படை அகாடமியில் படித்தவர். அங்கே பந்தும் எறிந்தார், கீப்பர்போல பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சராகவும் நின்றார், மட்டையும் பிடித்தார். இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே தொடர்ந்தால் ராணுவப் பணிக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் லூசியானாவுக்கு மாறினார். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: 2024-ல் மேஜர் லீக்கில் சிறந்த புதுமுகம், 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

"ஜூன் 22 அன்னைக்கு அப்படி என்னதான் நடந்துச்சு?"

பதினோரு இன்னிங்ஸ் ஆட்டம், முடிவு 2-0. எல்.எஸ்.யு. ஜூன் 19-ல் வேக் ஃபாரஸ்டிடம் 3-2 என்று தோற்றிருந்தது. இரண்டு தோல்விக் கணக்கு மேலே சொன்னேனே, அதன்படி வேக் ஃபாரஸ்டை இரண்டு முறை வென்றாக வேண்டும். 21-ம் தேதி 5-2 என்று ஒன்று வந்தது. மறுநாள் வாழ்வா சாவா ஆட்டம். ஒருபக்கம் ஸ்கீன்ஸ், மறுபக்கம் லௌடர்.

லௌடர் ஏழு இன்னிங்ஸ் எறிந்து மூன்றே ஹிட் கொடுத்தார். ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ், 120 பந்து, இரண்டே ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட். இரண்டு பேரும் ஒரு ரன்கூடத் தரவில்லை. இருவரும் போன பிறகும் 0-0. பதினோராவது இன்னிங்ஸில் க்ரூஸ் ஒரு ஹிட் அடித்து முதல் பேஸுக்குப் போனார். வேக் ஃபாரஸ்ட் தன் நம்பிக்கைக்குரிய கடைசி நேர பிட்சரைக் கொண்டுவந்தது. அவர் எறிந்த முதல் பந்தையே டாமி வைட் இடது பக்க வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டார். எல்.எஸ்.யு. இரண்டாவதாக பேட் செய்யும் அணி என்பதால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மைதானத்தில் பாதிக்கு மேல் லூசியானாக்காரர்கள், ஊதாவும் மஞ்சளும். எனக்கு முன்வரிசையில் இருந்த வயதான அம்மாள் ஒருவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார்.

"ஹைலைட்ஸ்ல அந்த ஹோம் ரன்தானே காட்டுறாங்க. நீங்க மட்டும் ஏன் எட்டாவது இன்னிங்ஸையே பேசுறீங்க?"

அந்த எட்டாவது இன்னிங்ஸ் இல்லாவிட்டால் பதினோராவது இன்னிங்ஸே வந்திருக்காது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

0-0. வேக் ஃபாரஸ்ட் பேட்டிங். மூன்றாவது பேஸில் ஜஸ்டின் ஜான்சன் நிற்கிறார். ஸ்கீன்ஸை அடித்து ரன் எடுப்பது நடக்காது என்று அவர்களுக்கும் தெரியும், அதனால் பன்ட். மாரெக் ஹூஸ்டன் மட்டையைக் குறுக்கே பிடித்தார். 'டிங்' சத்தம் வரவில்லை, 'டொக்' என்று மட்டும் கேட்டது. பந்து முதல் பேஸ் பக்கமாகப் புல்லில் உருள்கிறது. ஜான்சன் வீட்டை நோக்கி ஓடி வருகிறார். முதல் பேஸில் நின்ற ட்ரே மார்கன் அதற்குள் பாதித் தூரம் வந்துவிட்டிருந்தார். குனிந்து எடுத்தார், நிமிரவில்லை. ஓடிய வேகத்தில், உடல் சாய்ந்த நிலையிலேயே பந்தைக் கேட்சரிடம் தட்டிவிட்டார். கேட்சர் அலெக்ஸ் மிலாசோ பிடித்துக்கொண்டே திரும்பி, தலைமுதலாகப் பாய்ந்து வந்த ஜான்சனின் மேல் கையுறையை வைத்தார். அவுட். ஒரு சாண் வித்தியாசம் இருந்திருக்கும்.

மார்கன் இடக்கைக்காரர் என்பதும் உதவியது. இடக்கையர் வலது கையில் கையுறை போடுவார். அந்தப் பக்கமாக ஓடி வந்து வீட்டுப் பக்கம் எறிய அவருக்கு உடம்பைச் சுழற்றும் வேலை குறைவு. ஆனால் அது காரணத்தில் ஒரு பங்குதான். பந்து மட்டையில் படும் முன்பே, பேட்டரின் கை மட்டையில் நகர்வதைப் பார்த்து ஓடத் தொடங்கியதுதான் விஷயம். மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் பயிற்சியில் செய்ததை அன்று ஒரு தடவை செய்தார். பதற்றத்தில் பந்து ஒரு அங்குலம் விலகியிருந்தால் 1-0, எல்.எஸ்.யு. தோற்று ஊருக்குத் திரும்பியிருக்கும்.

அன்று ஊரிலிருந்து வந்திருந்த அப்பா என் பக்கத்தில் இருந்தார். பேஸ்பால் பார்ப்பது அவருக்கு அதுதான் இரண்டாவது தடவை. அத்தனை பேரும் என்ன நடந்தது என்று புரிந்து கத்துவதற்குள், "ரன் அவுட்!" என்று எழுந்து நின்றுவிட்டார். சரியாகத்தான் பார்த்திருந்தார். ஷார்ட் கவரிலிருந்து ஓடி வந்து கீழ்க்கையால் கீப்பருக்கு எறிவது போலத்தான் இருந்தது.

"24-4ன்னு தோத்த டீம் மறுநாள் 18-4ன்னு ஜெயிக்குமா? இதுல ஏதாவது ஃபிக்ஸிங் இருக்கா?"

இறுதிச் சுற்றில் நடந்தது அது. எதிரணி ஃபுளோரிடா. ஜூன் 24, முதல் ஆட்டம்: எல்.எஸ்.யு.வின் டை ஃப்ளாய்ட் எட்டு இன்னிங்ஸில் 17 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். பதினோராவது இன்னிங்ஸில் கேட் பெலோசோ அடித்த ஹோம் ரன்னில் 4-3. முழங்கால் காயத்தால் முந்தைய சீசன் முழுவதையும் இழந்து திரும்பியவர் இந்த பெலோசோ. 25-ம் தேதி ஃபுளோரிடா 24-4. ஒமாஹா போட்டியில் ஓர் அணி ஒரே ஆட்டத்தில் எடுத்த மிக அதிக ரன் அது. 26-ம் தேதி எல்.எஸ்.யு. 18-4, கோப்பை. அவர்களுக்கு ஏழாவது.

சூது எதுவும் இல்லை, எல்லாம் பிட்சர் கணக்குதான். நம் ஊரில் முன்னணி வேகப்பந்து வீச்சாளர் அடுத்தடுத்த நாளும் வருவார். இங்கே 100 பந்து எறிந்த கை நான்கைந்து நாள் ஓய்வு கேட்கும். பத்து நாளில் எட்டு ஆட்டம் ஆட வேண்டியிருந்த எல்.எஸ்.யு., இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம் கைவிட்டுப் போனதும் நல்ல பிட்சர்களை வெளியே எடுக்கவில்லை, மறுநாளுக்கு வைத்துக்கொண்டது. கிரிக்கெட்டில் மொத்த ரன் வித்தியாசம் எங்காவது கணக்கில் வரும், இங்கே 20 ரன்னில் தோற்றாலும் ஒரு தோல்விதான். மறுநாள் எல்.எஸ்.யு. பிட்சர் தாட்சர் ஹர்ட் தொடக்கத்திலேயே லாங்ஃபோர்டிடம் இரண்டு ரன் ஹோம் ரன் வாங்கினார். அதன் பிறகு ஆறு இன்னிங்ஸ் வரை ஃபுளோரிடாவைக் கட்டிப்போட்டார். ஸ்கீன்ஸை இறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

அந்த வருடம் சூதாட்ட விவகாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏப்ரல் 28-ல் நடந்த எல்.எஸ்.யு. - அலபாமா ஆட்டத்தில் சந்தேகத்துக்குரிய பந்தயங்கள் வைக்கப்பட்டதைக் கண்காணிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த விவகாரத்தால் மே மாதத்தில் அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளர் வேலையிழந்தார். ஆட்டக்காரர்கள் யாருக்கும் அதில் பங்கில்லை. அந்தப் பையன்கள் பயிற்சியாளர் போன பிறகும் சூப்பர் ரீஜனல் வரை வந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

"எல்லாம் பெரிய காலேஜாவே இருக்கே. சின்ன காலேஜ் எதுவும் வரலையா?"

வந்தது. ஒக்லஹோமாவின் டல்சா நகரத்து ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகம். 64 அணிகளை நான்கு நான்காகப் பிரிக்கும்போது ஒவ்வொரு குழுவிலும் கடைசித் தரவரிசை ஓர் அணிக்கு இருக்கும். அப்படி வந்த அணி இது. அந்தத் தரவரிசையிலிருந்து ஒமாஹா வரை வந்தவை அதற்கு முன் இரண்டே இரண்டு: 2008-ல் ஃபிரெஸ்னோ ஸ்டேட், 2012-ல் ஸ்டோனி புரூக். ஃபிரெஸ்னோ கோப்பையையே வென்றது.

ஆரிகனில் சூப்பர் ரீஜனலின் முதல் ஆட்டத்தில் ஓரல் ராபர்ட்ஸ் 8-0 என்று முன்னால் இருந்து, 9-8 என்று தோற்றது. அப்படித் தோற்ற அணி அடுத்த நாள் எழுந்து வருவதே கஷ்டம். அவர்கள் அடுத்த இரண்டையும் வென்று, 1978-க்குப் பிறகு முதல்முறையாக இங்கே வந்தார்கள். ஜூன் 16, முதல் ஆட்டத்தில் டி.சி.யு. என்ற டெக்ஸஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணியிடம் ஒன்பதாவது இன்னிங்ஸில் 5-2 என்று பின்தங்கியிருந்து 6-5 என்று வென்றார்கள். ஆட்டத்தைத் திருப்பியது பிளேஸ் பிரதர்ஸ் என்ற ஆட்டக்காரர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன். ஃபுளோரிடாவிடம் 5-4 என்று ஒரே ரன்னில் தோற்றார்கள். ஊர்க்காரர்களுக்கு எப்போதும் சின்ன அணிமேல் பாசம். அந்த வாரம் பாதி ஒமாஹா அவர்கள் தொப்பியோடுதான் திரிந்தது.

"ஆகாசத்துல பந்து காணாமப் போய் ஒரு டீம் தோத்துச்சாமே? அது அதிர்ஷ்டம்தானே, அதை எல்லாம் கணக்குல சேர்க்கலாமா?"

ஸ்டான்ஃபோர்டும் டெக்ஸஸும் ஆடிய சூப்பர் ரீஜனல், ஜூன் 12. மூன்றாவது, முடிவு செய்யும் ஆட்டம். 6-6, கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட். ஸ்டான்ஃபோர்டின் ட்ரூ பௌசர் உயரமாக அடித்தார். சாதாரண கேட்ச். ஆனால் கலிஃபோர்னியாவில் அந்தி நேரம். வானமும் பந்தும் ஒரே நிறம். டெக்ஸஸ் ஃபீல்டர்கள் கையை விரித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நிற்க, பந்து அவர்களுக்கு நடுவே விழுந்தது. 7-6. டெக்ஸஸின் சீசன் அதோடு முடிந்தது.

சேர்க்கத்தான் வேண்டும். அந்த வெளிச்சம் இரு அணிக்கும் பொது. அந்தப் பையன்கள் தவறும் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பிடிப்பது? 2018-ல் இங்கே ஒமாஹாவில் நடந்தது வேறு. ஆர்கன்சா கோப்பையிலிருந்து ஒரே ஒரு அவுட் தூரத்தில் இருந்தது. கோட்டுக்கு வெளியே பந்து மேலே போயிற்று, மூன்று பேர் ஓடி வந்தார்கள், ஒருவர் எடுப்பார் என்று மற்றவர் நினைக்க, பந்து நடுவில் விழுந்தது. பிழைத்த ஆரிகன் ஸ்டேட் அந்த ஆட்டத்தை 5-3 என்றும், மறுநாள் கோப்பை ஆட்டத்தை 5-0 என்றும் வென்றது. 1999-ல் ஸ்டீவ் வா கொடுத்த கேட்சை கிப்ஸ் நழுவவிட்டது நினைவிருக்கும் தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

"அதே ஸ்டான்ஃபோர்ட்ல ஒரு பையன் 156 பந்து போட்டானாமே. கை என்ன ஆகும்?"

மேலே சொன்ன ஆட்டத்துக்கு முந்தைய நாள், க்வின் மாத்யூஸ். முழு ஆட்டத்தையும் தானே எறிந்து 16 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து அணியைத் தோல்வியிலிருந்து மீட்டார். முந்தைய வருடமே தொழில்முறை அணி ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதை ஏற்காமல் கல்லூரியிலேயே நின்றவர். அந்த ஜூலையில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் எடுத்தது.

பார்க்கும்போது உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனாலும் இருபத்திரண்டு வயதுப் பையனை அவ்வளவு எறியவிட்டது சரி என்று என்னால் சொல்ல முடியாது. தொழில்முறை ஆட்டத்தில் 100 பந்தைத் தாண்டினாலே பயிற்சியாளர் எழுந்து வருவார். 'நானே முடிக்கிறேன்' என்று பையன் சொல்லத்தான் செய்வான். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு.

"எல்.எஸ்.யு. காசு குடுத்து வெளியிலேர்ந்து ஆள் எடுத்த டீம்தானே? அதுல என்ன பெருமை?"

பாதி உண்மை. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. ஸ்கீன்ஸ் விமானப்படை அகாடமியிலிருந்து வந்தவர் என்று முன்பே சொன்னேன். வைட் வட கரோலினா ஸ்டேட்டில் முதல் வருடத்திலேயே 27 ஹோம் ரன் அடித்துவிட்டு வந்தவர். ஹர்ட் கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்.

மீதிப் பாதியையும் பாருங்கள். க்ரூஸ் பள்ளி முடித்ததும் தொழில்முறைத் தேர்விலிருந்து பெயரை விலக்கிக்கொண்டு நேராக எல்.எஸ்.யு.வுக்கு வந்து மூன்று வருடம் ஆடியவர். அந்த எட்டாவது இன்னிங்ஸ் பன்ட்டுக்குத் திரும்ப வாருங்கள். எடுத்து எறிந்த மார்கன் நியூ ஆர்லியன்ஸ் பையன். பிடித்துத் தொட்ட மிலாசோ, பல்கலைக்கழகம் இருக்கும் பேட்டன் ரூஜுக்குப் பக்கத்து ஊரான ஸாக்கரிக்காரர். பெயர்பெற்ற பிட்சரின் உழைப்பை அன்று காப்பாற்றியது உள்ளூர்ப் பையன்கள் இருவர். எனக்கு அது போதும்.

"உண்மையில அந்த வருஷம் நல்ல டீம் வேக் ஃபாரஸ்ட்தான்னு என் ஆஃபீஸ்ல ஒருத்தர் அடிச்சுப் பேசுறார். சரியா?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 64 அணிகளில் முதல் தரவரிசை அவர்களுக்குத்தான், எல்.எஸ்.யு. ஐந்தாவது. சீசன் முடிவில் வேக் ஃபாரஸ்ட் 54 வெற்றி, 12 தோல்வி. எல்.எஸ்.யு.வும் 54 வெற்றிதான், ஆனால் தோல்வி 17. வேக் ஃபாரஸ்ட் சூப்பர் ரீஜனலில் அலபாமாவை 22-5 என்று நொறுக்கியே இங்கே வந்தார்கள். 1955-ல் கோப்பை வென்ற பிறகு அவர்கள் ஒமாஹாவுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அறுபத்தெட்டு வருடம்.

நீண்ட சீசனில் எந்த அணி சிறந்தது என்றால் நானும் வேக் ஃபாரஸ்ட் என்றே சொல்வேன். நேருக்கு நேர் மூன்று ஆட்டத்தில் எல்.எஸ்.யு. இரண்டை வென்றது, அதிலும் மூன்றாவது ஆட்டத்தை வெல்ல இருவருமே தகுதியானவர்கள். ரஞ்சிக் கோப்பையில் லீக் முழுதும் முன்னால் இருந்து அரையிறுதியில் வெளியேறும் அணியின் வலி நமக்குத் தெரியாததா? லௌடர் அன்று தலைகுனிய எதுவுமே செய்யவில்லை.

"ஒரு ஹோம் ரன்ல கோப்பையே முடிஞ்சதுண்டா?"

ஒரே ஒரு முறை, 1996-ல். எல்.எஸ்.யு.வின் வாரன் மாரிஸ், மயாமி அணிக்கு எதிராக, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஒரு ரன் பின்னால். மணிக்கட்டு எலும்பு உடைந்து சீசனில் பெரும்பகுதி ஆடாதவர். அந்த வருடம் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான். 9-8. மயாமி ஆட்டக்காரர்கள் அப்படியே புல்லில் விழுந்து கிடந்த படம் இன்றும் மனதை என்னவோ செய்யும். 2023-ல் வைட் அடித்தபோது எனக்கு முன்னால் அழுத அம்மாள் 1996-லும் இங்கே வந்திருந்தாராம். பிறகு சொன்னார்.

"என் பையனுக்கு பன்னிரண்டு வயசு. பேஸ்பால்ல சேர்த்தா காலேஜ் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?"

அதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். நீண்ட காலமாக ஓர் அணிக்கு மொத்தம் 11.7 உதவித்தொகைதான் என்று விதி இருந்தது. அதை 27 பேர் வரை பங்கிட்டுக் கொடுப்பார்கள். ஒமாஹாவில் ஆடிய பையன்களிலேயே பலர் பாதிக் கட்டணமோ கால்வாசியோ பெற்று, மிச்சத்தை வீட்டில் கட்டியவர்கள். 2025-26 முதல் விதி மாறி, புதிய ஒப்பந்தத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை வரம்பு போய், அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இடமே குறைந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

பையனுக்கு ஆசை இருந்தால் சேருங்கள். கோடையில் வாரம் நான்கு நாள் பயிற்சி, சனி ஞாயிறு வெளியூர் ஆட்டம் என்று உங்கள் வாரமும் அதற்குள் போய்விடும், தெரிந்தே இறங்குங்கள்.

"அடுத்த ஜூன்ல நேர்ல வரணும். என்ன செய்யணும்?"

வேலிக்குப் பின்னால் இருக்கும் பொது இருக்கைகளுக்குச் சீட்டு எளிதாகக் கிடைக்கும், முன்னாடி வருபவருக்கு முன்னிடம். பிற்பகல் ஆட்டம் என்றால் வெயில் கொளுத்தும். தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். உள்ளே கொண்டுவரும் பைகளுக்கு விதிகள் உண்டு, வரும் முன் பார்த்துவிடுங்கள். இடி மின்னல் வந்தால் ஆட்டம் மணிக்கணக்கில் நிற்கும், கிளம்பிவிடாதீர்கள். மதியமே வந்து வாகன நிறுத்தத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். லூசியானா அணி வந்திருந்தால் பெரிய அண்டாவில் ஜம்பலாயா கிளறுவார்கள்: அரிசி, இறால், காரம். கேட்காமலேயே ஒரு தட்டு நீட்டுவார்கள். ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு, இங்கே மாலை 7 மணி ஆட்டம் அங்கே மறுநாள் காலை 5:30.

முடிந்தால் முதல் பேஸ் பக்கம் சீட்டு எடுங்கள். அப்பாவும் நானும் அன்று உட்கார்ந்த பக்கம் அது. ரேடியோ வர்ணனை கேட்டு ஸ்கோர் எழுதிப் பழகியவர் அப்பா. அன்றும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன். எட்டாவது இன்னிங்ஸுக்கு நேரே 'ரன் அவுட், கீப்பர் அருமை' என்று எழுதியிருக்கிறார்.